பாப்பாவின் வலது காது

மூன்றாவது லைனில் நிற்கும் பெண்களுக்கு உட்கார முக்காலி, பெண்கள் கைக்கு அளவான கையுறை, பட்டறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை, பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுப்பு. இவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, முறைத்து, மறுபடி கேட்டு வாங்கியவள் பாப்பா. அப்படிப்பட்டவள் அன்று காலை சமையலறை மேடையை ஒட்டி நின்று, காதில் கைபேசியை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறையில் இன்னொரு கைபேசியோடு அக்கா. நேர்காணல் ஒத்திகையில் அவள்தான் அதிகாரி. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள். பதில் இல்லை. திரும்பக் கேட்டாள். அப்போதும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று எழுந்து வந்து பார்த்தால், பாப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, விரல்களை விரித்து மடக்கி, கட்டைவிரலை உயர்த்தி முடித்திருந்தாள்.

"வாயில என்னடி வச்சிருக்க?"

"எல்லாம் சொல்லிட்டேனே!"

"யாருக்கு? இந்தச் சுவத்துக்கா?"

பாப்பா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அவள் வேலை பார்ப்பது பாட்டில் தொழிற்சாலையில். சூடு ஆறிய கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பட்டையில் ஓடிவரும் இடத்தில் மனிதக் குரலுக்கு மதிப்பில்லை. அங்கே பேச்செல்லாம் கைதான். கழுத்தெலும்பைத் தொட்டால் பாட்டிலின் கழுத்தில் கீறல். கன்னத்தை உப்பினால் உள்ளே குமிழி. மூடிய முட்டி என்றால் மெஷினை நிறுத்து. மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார், ஜாக்கிரதை. மேஸ்திரி மீசையை எடுத்து எத்தனையோ வருஷமாகிறது. சைகை மட்டும் மாறவில்லை. அவர் மழமழவென்ற முகத்தோடு உள்ளே நுழையும்போதெல்லாம் லைன் முழுக்கக் கைகள் மீசை முறுக்கும். தன்னைப் பார்த்தால் ஏன் எல்லாருக்கும் மூக்கின் கீழ் அரிக்கிறது என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

பதினொரு வருஷப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்பாள் கையால். மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள் முட்டியால். தலையில் பாதி நரைத்த பிறகும் பிறந்த வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். அந்தப் பெயரைச் சொல்லி இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. இடது காது போய் நாலு வருஷமாகிறது.

இங்கேதான் அக்காவுக்குப் பற்றி எரிகிறது. பட்டறை வாசலில் வரிசையாக ஆணி அடித்துக் காதுமூடிகள் மாட்டியிருக்கிறார்கள். நல்ல தடித்த, பஞ்சு வைத்த காதுமூடிகள். மேலே ஒரு பலகை: பார்வையாளர்களுக்கு மட்டும். மேலாளர் கால்மணி நேரம் சுற்றிப் பார்க்க வந்தால் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வார். நாள் முழுக்க நிற்பவர்களுக்குப் பஞ்சு. முக்காலி கேட்டு வாங்கியவள், கையுறை கேட்டு வாங்கியவள், காதுமூடி கேட்டு மட்டும் வாங்க முடியவில்லை. "பழகிடும்மா" என்றார்களாம். பழகத்தான் செய்தது. பழகியது இரைச்சல் இல்லை, செவிடு.

மிச்சமிருக்கும் வலது காதையாவது காப்பாற்ற ஒரே வழி, அந்த லைனை விட்டு வெளியேறுவது. பக்கத்திலேயே சோதனை அறை இருக்கிறது. கனத்த கதவு, உள்ளே வெள்ளை விளக்கு, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தேர்வு செய்யும் வேலை. ஓர் இடம் காலி என்று பலகையில் ஒட்டினார்கள். பாப்பா மனு போட்டாள். நேர்காணல் உண்டு, தொலைபேசியில் நடக்கும் என்று பதில் வந்தது.

"தொலைபேசியிலயா? அவங்க எங்க இருக்காங்க, வெளிநாட்டுலயா?" என்றாள் அக்கா.

"மாடிலக்கா. கண்ணாடி ஜன்னல் வழியா எங்களைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"அப்ப ஏறிப் போய் நின்னுட்டு வரவேண்டியதுதானே?"

"கேட்டேன். எல்லாருக்கும் ஒரே முறைதான்னு சொல்லிட்டாங்க."

ஒரே முறையாம்! ஒரு காதைத் தின்றுவிட்டு மிச்சமிருக்கும் காதுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். மேலே உட்கார்ந்து தாங்கள் நாளும் பார்க்கிற ஆளின் முகத்தை நேரில் பார்க்க மட்டும் அவர்களுக்கு நேரமில்லை. அக்கா தையல் மெஷினில் அன்று தைத்த தலையணை உறைகளில் இரண்டு கோணலாகப் போயின. அவள் கையில் கோணல் வருவது அபூர்வம். உட்கார்ந்து இரண்டையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

தன் வீட்டில் தெருச் சத்தம் அதிகம் என்று பாப்பா நேர்காணலுக்கு முதல் நாளே துணிப்பையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். விடிந்ததிலிருந்து கழுவிய டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட உடையை உடுத்தி, தலையை அழுந்த வாரிக்கொண்டு வந்து நின்றாள். அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"போன்ல உடுப்பா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல அத்தான்."

"வாக்கியத்துக்கு ஒரு சார் போடு. ரெண்டு போட்டாலும் தப்பில்ல."

"நீங்க கொஞ்சம் வாசல்ல போய் உக்காருங்க. நாய் குலைச்சா அதுக்கு ஒரு சார் போட்டு அனுப்பிவையுங்க" என்று அவரை வெளியே தள்ளினாள் அக்கா.

ஸ்பீக்கரில் போட்டால் பாப்பாவுக்கு எதிரொலி குழப்பும். ஆகவே வலது கையில் கைபேசி, வலது காதில். இடது கைதான் ஆபத்து. அதை அக்கா தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கை பேசாவிட்டால் வாய் பேசித்தானே தீரவேண்டும்?

பத்து மணி என்றார்கள். அழைப்பு வந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். அதுவரை பாப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எங்கே விக்கல் வந்துவிடுமோ என்று. மணி அடித்ததும் அக்கா அவள் இடது கையைப் பற்றிக்கொண்டாள்.

முதல் கேள்விகள் ஒழுங்காகப் போயின. "ஆமா சார்", "மூணாவது லைன் சார்." கை இரண்டு முறை கழுத்தெலும்புக்குப் போகத் துடித்தது. அக்கா விடவில்லை. பிறகு ஒரு கேள்வி. கைபேசியின் குரல் வெளியில் கசிந்து அக்காவுக்கும் கேட்டது.

"இவ்வளவு வருஷம் மெஷின் பக்கத்துல நின்னிருக்கீங்க. காது சரியா கேக்குதா? இல்லைன்னா அந்த அறைக்குச் சிரமம், பாருங்க."

அக்காவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. கைபேசியைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் பாப்பா தன் இடது கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அந்தக் கை சைகை எதுவும் செய்யவில்லை. மடியில் சும்மா கிடந்தது. வாய்தான் பேசியது.

"இடது காது கேக்காது சார். அது உங்க மூணாவது லைன்லதான் போச்சு. நான் எங்கயும் தொலைச்சுட்டு வரல. பாட்டிலைப் பாக்கக் கண்ணு வேணும், அது நல்லா இருக்கு. வலது காதும் நல்லா இருக்கு. நான் பேச ஆரம்பிச்சதிலிருந்து உங்கள்ல யாரோ பேனாவை மேஜைல தட்டிக்கிட்டே இருக்கீங்க. அது நின்னா இன்னும் நல்லாக் கேக்கும்."

தட்டல் நின்றிருக்க வேண்டும். பாப்பா லேசாகத் தலையசைத்தாள்.

அழைப்பு முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "கெடுத்துட்டேனாக்கா?" என்றாள்.

"கெட்டா கெடட்டும்டி. பதினொரு வருஷமா உன் வாயிலிருந்து இவ்வளவு பேச்சு நான் கேட்டதில்ல."

ஒரு வாரம் கழித்துப் பலகையில் சேதி ஒட்டினார்கள். இடம் பாப்பாவுக்குத்தான். புது வேலையின் முதல் நாள் மாலை அவள் நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். சோதனை அறைக்காரர்கள் பட்டறைக்குள் போனால் ஆணியிலிருந்து காதுமூடி எடுத்துக்கொள்ளலாமாம். எடுத்தாளாம். தான் நின்ற இடத்தில் இப்போது நிற்கும் பெண்ணின் தலையில் கொண்டுபோய் மாட்டினாளாம். மேஸ்திரி வாயைத் திறந்தாராம்.

"என்ன சொன்னாரு?"

"யாருக்குத் தெரியும்? இடப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தாரு."

"அப்ப உன் வலது காதுக்கு?"

"அதான் கதவு இருக்கே."

சோதனை முடிந்த ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு கட்டுவார்கள். பார்த்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். லைனில் நிற்பவர்கள் வருகைக்கு விரலை மெஷினில் வைப்பதோடு சரி, பாப்பாவின் பெயர் அவள் கையால் அவள் செய்த எந்த வேலையிலும் எழுதப்பட்டதில்லை. "போட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

பாப்பா வாயைத் திறக்கவில்லை. நேர்காணலன்று தன் கையை இறுக்கிப் பிடித்திருந்த அக்காவின் கையை இழுத்து விரித்து, உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் தன் முழுப்பெயரை நிதானமாக எழுதினாள். அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, சீட்டில் போட்டபடியே, தேதி: பிப்ரவரி 17.