நான் டூட்டி மாற்றிக்கொள்ளாத ஒருவர்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 2003இல், பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் டிப்ளமோ நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழி பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தேன். பாடங்கள் பாதி தபாலில் வந்தன, பாதியை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். வகுப்புகள் ஞாயிறுகளில் திருச்சியில்.

2. படிப்புக்கு லீவு கிடையாது. யாருடனாவது டூட்டி மாற்றிக்கொள் என்றார்கள்.

3. மாற்றிக்கொண்டேன். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எல்லாவற்றிலும் மற்றவர்களுக்காக நான் நின்றேன். அவர்கள் என் ஞாயிறு டூட்டிகளைப் பார்த்தார்கள். அதுவும் போதாமல் ஒரு வருடம் எங்கள் நோன்புப் பெருநாளையும் கொடுத்தேன். "பெருநாளன்னிக்குக்கூட வூட்டுல இல்லாத புள்ளைக்கு எதுக்குப் புதுத்துணி?" என்று எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் அம்மா சுடிதாரை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

4. 2006 நோன்பு மாதத்தில் கடைசி செய்முறைத் தேர்வு. அத்துடன் என் பதிவுக் காலம் முடிகிறது. தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

5. அதே வாரம் சிக்குன்குனியா. வராண்டாவிலும் பாய் போட்டோம். நர்ஸ்களே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். மேட்ரன் எல்லா மாற்றங்களையும் ரத்து செய்தார். "ஒன் வார்டுக்கு ஆள நிறுத்திட்டுப் போ. ஆள் இல்லன்னா போகாத."

ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருத்தியின் மாமியாருக்குக் காய்ச்சல். ஒருத்தி "நானே நடக்க முடியாமத்தான் வரேன்" என்றாள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பண்டிகை முடிந்து எனக்கு அதிரசம் கொண்டுவந்தவர்கள் யாரும் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, ஊசி போடும் அறையில் நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தோடு பள்ளிவாசல் பாங்குக்காகக் காத்திருந்தேன். நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்கும் துஆ தள்ளப்படாது என்று நாம் நம்புகிறோம். "யா அல்லாஹ், எல்லாரையும் கேட்டுவிட்டேன். ஒரே ஒரு ஆளை அனுப்பு" என்று கேட்டேன். அழுதேன். பாங்கு கேட்டதும் பழத்தை வாயில் போட்டேன்.

கதவு திறந்தது. செல்வராணி அக்கா, சீனியர் நர்ஸ். காய்ச்சலில் ஒரு வாரமாக மெடிக்கல் லீவில் இருந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்தார். எனக்கு 'தபால்' என்று பெயர் வைத்ததே அவர்தான். அவரோடு மட்டும் நான் ஒரு டூட்டிகூட மாற்றிக்கொண்டதில்லை.

"ஏண்டி தபால், ஊசிய நீ போடுவியா, இல்ல அதுவும் தபால்ல வருமா?"

போட்டேன். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக மேட்ரன் அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"நாளைக்கு ஜாயின் பண்றேங்க. இவ வார்டுல என்னையப் போடுங்க."

"நிக்கவே முடியல, நீ என்ன டூட்டி பாப்ப?"

"உக்காந்து பாக்குறேன். படுத்திருக்கவங்களப் பாக்க நான் எதுக்குங்க நிக்கணும்?"

மேட்ரன் டூட்டிப் பட்டியலில் பெயரை மாற்றி எழுதினார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "ஃபெயிலாயிட்டு வந்தீன்னா ஊசி என் கையில இருக்கும், பாத்துக்க."

விடியற்காலை பஸ்ஸில் திருச்சி போனேன். நோன்போடு தேர்வை முடித்தேன். 2007இல் பட்டம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பட்டத்தால் எனக்குப் பதவி கிடைக்கும் என்று நினைத்தேன். வார்டு சூப்பர்வைசர் இடம் நேரடியாகக் கல்லூரியில் படித்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. "ரெகுலர்ல படிச்சிருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார்கள். அவளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் நான்தான். இதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

ஆனாலும் நான் கேட்டது பதவி இல்லை, ஒரு ஆள். என் பழம் தொண்டையில் இறங்குவதற்குள் அல்லாஹ் அனுப்பினான். எனக்கு எதுவும் தர வேண்டியிராத ஒருவரை அனுப்பினான். அதற்குப் பிறகு யாரிடமும் கணக்கு வைத்து உதவி செய்வதை விட்டுவிட்டேன். சகோதரிகளே, நீங்களும் அவனிடம் கேளுங்கள். யார் வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

இப்போதைய நிலை இது. நான் அதே பெண்கள் வார்டில், அதே ஸ்டாஃப் நர்ஸ். செல்வராணி அக்காவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அவருடைய தீபாவளி டூட்டியை நான் பார்க்கிறேன். பதிலுக்கு ஞாயிறு எதுவும் வாங்கவில்லை.