மார்கித்தின் மாவுக்கட்டும் மூன்று ஆறுதல்காரர்களும்

நார்வேயின் அந்தக் கடலோரச் சபையில் இருபது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் மார்கித். ஐம்பத்தெட்டு வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மறுநாளே வேதபாட வகுப்புத் தோழிகள் மூவர் வாஃபிள் அப்பத் தட்டோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கர்த்தர் உனக்கு ஏதோ பாடம் சொல்றாரு, மார்கித்" என்றாள் பாடகர் குழுத் தலைவி சுன்னிவா. "மறைவா ஏதாவது பாவம் இருக்கான்னு யோசிச்சுப் பாரு."

மார்கித் நிதானமாக ஒரு வாஃபிளைத் தின்று முடித்தாள்.

"வேதத்துல, எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபுவைப் பாக்க வந்த மூணு சிநேகிதங்க முதல் ஏழு நாள் வாயே திறக்கலை. அதுவரைக்கும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க. வாயைத் திறந்து 'உன் பாவந்தான்'னாங்க, கெட்டுது."

சுன்னிவாவின் முகம் சிவந்தது. "அப்ப நாங்க என்னடி பண்ணணும்?"

"தொழுவத்துல ஆறு பசு மடி கனத்து நிக்குது. பாவத்தைப் பத்தி அதுங்க கிட்ட விசாரிங்க, பாலைக் கறந்துகிட்டே."

இரண்டு பேருக்கு உடனே வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது. சுன்னிவா மட்டும் முணுமுணுத்தபடி மார்கித்தின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் தொழுவத்திலிருந்து அவள் ஜெபம் உரக்கக் கேட்டது:

"ஆண்டவரே, இந்த மாட்டைக் கொஞ்சம் உதைக்காம நிக்க வையும்!"

மார்கித் வலியை மறந்து சிரித்தாள். கட்டுப் பிரிக்கும்வரை, ஏழு வாரம், சுன்னிவா ஒரு நாள் காலையும் பால் கறக்க வரத் தவறவில்லை.