மழைக்காலத்துப் புகை

கல்யாணமான முதல் வருடத்தில் என் கணவர் என்னோடு இருந்தது ஒரு மழைக்காலம்தான். அவர் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: போர் போடும் இயந்திரத்தை லாரிமேல் ஏற்றிக்கொண்டு ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போய், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கிற தொழில். மழை பிடித்துவிட்டால் அங்கே வண்டி வயலுக்குள் இறங்காது, சக்கரம் புதைந்துவிடும். அப்போதுதான் ஆட்கள் ஊருக்கு வருவார்கள்.

எங்களுக்கு வைகாசியில் கல்யாணம். அந்த வருடம் வடக்கே மழை நீண்டுகொண்டே போனதால் புரட்டாசி வரை ஊரிலேயே இருந்தார். ஆடிக்கு என்னை ராசிபுரத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆடியில் மாப்பிள்ளை வரக்கூடாது என்பார்களே, அவர் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு பைக்கில் வந்து நிற்பார். நெய் வாங்க வந்தேன் என்பார். அவர் வீட்டில் மூன்று எருமைகள் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஆவணியில் நான் திரும்பி வந்தேன். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போவோம். அவர் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் மாதிரி நீல நிறத்தில் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து இழுப்பார். வெள்ளையாக ஆவி வரும். மாம்பழ வாசனை. பழுத்து இரண்டு நாளான மல்கோவா வாசனை.

"சிகரெட்டுங்களா இது?" என்று முதல் நாள் கேட்டேன்.

"சிகரெட்டில்ல கண்ணு. வெறும் ஆவி. இட்லிக் குண்டாவத் தொறந்தா வருமே, அதாட்டந்தான்."

ராஜஸ்தானில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றும் சொன்னார். கிணறு போடச் சொன்ன விவசாயிகள் கட்டிலில் உட்காரவைத்து ஹுக்கா கொடுப்பார்களாம். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. அப்புறம் வண்டி சத்தீஸ்கர் போனபோது, லீவு நாட்களில் டவுனுக்குப் போய், சோபா போட்ட கடைகளில் ஆப்பிள், ரோஜா என்று விதவிதமான வாசனையில் இழுத்தார்கள். "தண்ணிக்குள்ள பூந்து வர்ற பொகைங்கறதால ஒண்ணும் பண்ணாது" என்று கூட வந்த பையன்கள் சொன்னார்கள். இவர் நம்பினார். ஹுக்காவை வண்டியில் தூக்கிக்கொண்டு திரிய முடியாது என்றுதான் இந்த வேப், பேட்டரியில் ஓடும் நீலச் சாமான். கடையில் விற்கத் தடை. ஆனாலும் செல்போன் கவர் விற்கிற கடையில் மெதுவாகக் கேட்டால் கிடைக்குமாம்.

நான் அதையெல்லாம் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. அவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்துவிட்டுப் பேசும்போது வார்த்தையோடு சேர்ந்து ஆவி வரும். தென்னை மரங்களுக்கு மேலே இருட்டிக்கொண்டு வரும். கீழே அத்தை எருமைகளை அதட்டுவது கேட்கும். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வாழ்க்கையில் இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் அவர் கிளம்பினார். வழக்கமாகச் சொல்வது போல "போயிட்டு வாரேன்" என்றார். நான் தலையாட்டினேன். வண்டி தெரு முனையில் திரும்பியதும் அத்தை என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அவரும் ரிக்காரரைக் கட்டியவர்தான்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ துணி துவைக்க எடுக்கும்போது அவருடைய பழைய சட்டைப் பையில் அந்த நீலச் சாமான் கையில் தட்டுப்பட்டது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார். மூக்கருகே கொண்டுபோனேன். அவர் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. சட்டையை மோந்தேன். அதில் சோப்பு வாசனையும் டீசல் வாசனையும்தான். அவர் வாசனை அந்தச் சாமானில்தான் இருந்தது. உதட்டில் வைத்து இழுத்தேன். இருமல் பிடுங்கியது. கண்ணில் நீர் வந்தது. இருமலால் வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

மறுநாள் சாயங்காலமும் மாடிக்குப் போனேன். அன்று இருமல் குறைந்திருந்தது.

போனில் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கூட உக்காந்தாட்டம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்ப காலியானதும் சொல்லு. நம்ம பசங்க யாராச்சும் ஊருக்கு வந்தா புதுசு ஒண்ணு குடுத்து உடறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பின் வீடியோ கால் பேசும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுப்போம். அவர் பக்கம் ஆவி எழும், என் பக்கம் எழும், கொஞ்ச நேரம் திரையில் முகமே தெரியாது. கலைந்ததும் அவர் முகம் வரும். அதற்காகவே காத்திருப்பேன். பேச ஒன்றுமில்லாத நாட்களில் அதுதான் எங்களுக்குப் பேச்சு.

நான் குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சேலை பார்டருக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். தை மாதம் வந்தபோது, சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் அதைக் கைப்பையில் எடுத்துப் போகத் தொடங்கியிருந்தேன். காலையில் ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய்வருவேன், மதியம் ஒரு தடவை. போக முடியாத நாட்களில் நாக்கு வறளும். மௌஸைப் பிடித்த கை ஒரு நிலையில் நிற்காது. மாங்காய் டிசைனில் ஒரு வரிசை தலைகீழாகப் போட்டு, தறியில் பாதிச் சேலை ஓடிய பிறகுதான் தெரிந்தது. முதலாளி, "ஒடம்பு சரியில்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதும் நான் அதைப் பழக்கம் என்று நினைக்கவில்லை. அவரை நினைக்கிறேன், அதனால் இழுக்கிறேன் என்றே நினைத்தேன். அவர் நினைப்பு வருவதற்கு முன்பே கை கைப்பைக்குள் போய்விடுவதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் மதியம் ஆபீசில் என்னோடு வேலை செய்கிற பெண் கூடுதுறைக்குக் கூப்பிட்டாள். குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி, அங்கேதான் ஆறுகள் சேருகிற கூடுதுறை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே நடந்து போகிற தூரம். பாதிப் பாலத்தில் எனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் திடுதிடுவென்று அடித்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனக்கா, இப்பிடி மூச்சு வாங்குது? எதாச்சும் விசேசமா?" என்றாள் அவள்.

"விசேசமா? அவுரு சத்தீஸ்கர்ல இருக்கறாரு கண்ணு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். திரையில் வந்தவர் இருமிக்கொண்டிருந்தார். கல்லுத் தூசு என்றார். போர் ஓடும்போது பாறை மாவாகிப் புகைபோல எழும், அதில் நிற்பவர்கள் எல்லோருக்கும் அந்த இருமல் இருக்கும் என்றார். இருமிவிட்டு மறுபடி இழுத்தார். நானும் இழுத்தேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

பங்குனியில் போன் வந்தது. பேசியவர் அவருடைய வண்டி டிரைவர்.

"அக்கா, பயப்படாதீங்க. அண்ணனுக்குத் திடீர்னு நெஞ்சு வலி. மூச்சு உட முடியல. ஆசுபத்திரில சேத்திருக்குது. வலது பக்கத்து நொரையீரல்ல ஓட்ட உழுந்து காத்து வெளிய வந்துருச்சாமா. கொழா போட்டுருக்கறாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

அத்தையிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துரச் சொல்லு சாமி" என்றார்.

குழாயை எடுத்த பிறகு கொஞ்ச நாள் அங்கேயே வைத்திருந்து, டிரைவர் அவரை ரயிலில் அழைத்து வந்தார். சேலம் ஜங்ஷனில் நான் காத்திருந்தேன். கூட்டம் இறங்கிப் போன பிறகு, ஒரு கையால் விலாவை அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். எப்போதும் ஒல்லிதான், இப்போது சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. இத்தனை மாதங்களாக அவர் வருகிற நாளை எப்படியெல்லாமோ மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் பையை நான் தூக்கிக்கொண்டு நடப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

சேலத்திலேயே நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். எங்களைவிடக் கொஞ்சம்தான் வயதில் மூத்த பெண். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சிகரெட் பழக்கம் இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. தொட்டதே இல்ல" என்றார் இவர். அது பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

நான் சொன்னேன், "ஹுக்கா இழுப்பாருங்க. வேப்பும் இருக்குது." அதோடு, "எனக்கும் இருக்குதுங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தண்ணிக்குள்ள போயிட்டு வந்தா பொகை சுத்தமாயிடும்னு நெனைக்கிறாங்க. சூடு மட்டும்தான் குறையும். சூடு குறைஞ்சா இன்னும் ஆழமா, இன்னும் ரொம்ப நேரம் இழுப்பீங்க. ஹுக்கா மேல கரி வேற எரியுது. வேப்ல வர்றதும் ஆவி இல்ல. அதுல நிகோடின் இருக்கு. பழ வாசனை இருக்கறதால எவ்வளவு உள்ள போகுதுன்னே தெரியாது." பிறகு படத்தைக் காட்டினார். "இதுக்கு அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். உயரமா ஒல்லியா இருக்கறவங்களுக்கு இது தானாவும் வரும். ஆனா ஒரு பக்கம் கல்லுத் தூசு, ஒரு பக்கம் இது. மறுபடி வரக்கூடாதுன்னா ரெண்டையும் விடணும்."

என்னிடம் திரும்பி, "குழந்தைக்கு யோசிச்சிருக்கீங்களா?" என்றார்.

யோசித்திருந்தோம். போனில் பெயர்கூடப் பேசியிருந்தோம், இரண்டு பக்கமும் ஆவி விட்டுக்கொண்டு.

விட்டோம். சொல்வதற்கு ஒரு சொல்தான். அந்தச் சித்திரை முழுக்க இருவரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டோம். குழம்பில் உப்பு, ஃபேன் வேகம், கதவைச் சாத்திய சத்தம், எல்லாம் சண்டைதான். எனக்குத் தலைவலி போகவே இல்லை. அவர் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். டாக்டரிடம் மறுபடி போனபோது மெல்லுகிற மாத்திரை மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தார். அது கொஞ்சம் உதவியது. அத்தைக்கு என் விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் காலையில் இரண்டு தம்ளர் மோர் கரைத்து வைப்பார், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. புகை இல்லாமல் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது, என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட இத்தனை கூச்சம் இருந்ததில்லை. அவர் வீட்டோடு இருக்க வேண்டும் என்று எத்தனை கோயிலில் வேண்டியிருப்பேன். இப்போது இருந்தார். ஆனால் அவர் கண் வடக்குப் பக்கமே போகும். சங்ககிரி ரோட்டில் ரிக் வண்டி போகிற சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த மழைக்காலத்து மனிதர் எங்கே என்று நான் தேடினேன். அவரும் தன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

தூசு ஆகாது என்று சொல்லிவிட்டதால் வண்டிக்குத் திரும்பவில்லை. உடம்பு தேறியதும் திருச்செங்கோட்டில் ரிக் சாமான்கள் விற்கிற கடையில் சேர்ந்தார். எந்தக் கல்லைத் துளைக்க எந்த பிட் தாங்கும் என்று போனிலேயே சொல்லுவார். மழைக்காலத்தில் பழைய கூட்டாளிகள் கடைக்கு வருவார்கள். அப்படி ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"பசங்க குடுத்தாங்க. ஒரு இழுப்பு இழுத்துட்டேன் கண்ணு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "எப்பிடி இருந்துது?" என்றுதான் கேட்டேன்.

"நம்ம மொட்டமாடி நாபகம் வந்துது. நீ ராசிபுரத்துலருந்து வந்தப்ப உடுத்தியிருந்தியே, அந்தப் பச்சச் சேல."

அந்தச் சேலையை நானே மறந்திருந்தேன். அவரை உள்ளே வரச் சொன்னேன். அன்று சண்டை இல்லை. எனக்கும் சில நாட்களில் அந்த ஏக்கம் வருகிறது. அது நிகோடினுக்கான ஏக்கமா, அந்த மாதங்களுக்கான ஏக்கமா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. டாக்டரிடம் கேட்டால் ஒருவேளை சொல்லுவார். நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை.

குழந்தை இன்னும் இல்லை. அவசரமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூச்சு நன்றாகிவிட்டது. ஆபீசில் யாராவது கூடுதுறைக்குக் கூப்பிட்டால் போகிறேன்.

இப்போதெல்லாம் சாப்பிட்ட பிறகு அவர் வடக்கைப் பற்றிப் பேசுகிறார், போனில் ஒருநாளும் சொல்லாதவற்றை. கடுகு பூத்த வயலைப் பற்றிச் சொல்கிறார், கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மஞ்சளாம். ஒரு ஊரில் எத்தனையோ அடிக்குக் கீழே போயும் வராத தண்ணீர் திடீரென்று பீய்ச்சியடித்தபோது அந்த ஊர்ப் பெண்கள் முக்காட்டோடு ஓடிவந்து நனைந்தார்களாம். ஒரு கிழவி இவர் நெற்றியில் சேறும் குங்குமமும் சேர்த்துப் பொட்டு வைத்தாளாம். நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நேரத்தில் அவர் அங்கே என்னவெல்லாம் பார்த்திருக்கிறார்.

"என்னை ஒருக்கா கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"அங்க என்ன இருக்குது? வெயிலுதான்."

"வெயில்லயே நிக்கறேனுங்க. அந்தக் கடுகுக் காட்டப் பாக்கோணும்."

கடுகு பூக்கிற பருவத்துக்கு டிக்கெட் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். போன வருடமும் அப்படித்தான் சொன்னார்.