கும்பிடு பொம்மை

இன்று காலை திருவொற்றியூரில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா அக்கா. எங்கள் தெருதான். புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, ஊசிக்குப் போறேன்னு தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டவுடனே நீதான் மொதல்ல கும்புடு பொம்மை போட்ற. நமக்கோசரம் ஒர்த்தன் ஜெபம் பண்ணிகினு கீறான்னு நெனச்சிதான் கைய நீட்றேன்."

எனக்கு முகம் செத்துவிட்டது. அந்த குரூப்பில் வருவதை நான் படிப்பதே இல்லை. தண்ணீர் லாரி வந்தாலும் கும்பிடு பொம்மை, கரண்ட் போனாலும் கும்பிடு பொம்மை. கட்டைவிரல் அதுபாட்டுக்குத் தட்டிவிடும்.

"இன்னான்னு வேண்டிக்கினே?" என்று கேட்டார்.

"வலிக்கக் கூடாதுன்னுக்கா."

"அதான் போன வாட்டி அவ்ளோ வலிக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராயபுரத்தில் இறங்கியதும் ஓரமாக நின்று, நிஜமாகவே அவருக்காக வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். கும்பிடு பொம்மை மட்டும் வேண்டாம். போட்டால், நீங்களும் படிக்கவில்லை என்றுதான் நினைப்பேன்.