புடலைப் பந்தலுக்குக் காவல்

அந்தக் கோடையில் நான் சந்தேகப்படாத ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அம்மா காலை பஸ்ஸைப் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விடுவாள். திண்டிவனம் வீட்டின் பின்பக்கத் தோட்டம் என் பொறுப்பிலும் சித்தியின் பொறுப்பிலும் இருந்தது. தோட்டம் என்று பெருமைக்குத்தான் சொல்கிறேன். நாலு கத்தரிச் செடி, ஒரு வெண்டைப் பாத்தி, ஒரு புடலைப் பந்தல், அவ்வளவுதான். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் சேர்த்துவைத்து ஊற்றுவோம். மாதத்தில் மூன்று நாள் மட்டும் சித்தி செடிப்பக்கம் வரமாட்டாள். அம்மாவும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால், "தொட்டா காய் வெம்பிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

புடலை என்றால் எனக்கு உயிர். காய் கோணாமல் நீளட்டும் என்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டது நான்தான். கத்திரி வெயில் தொடங்கியதும் பிஞ்சுகள் மஞ்சளாகி, கல்லோடு கீழே விழ ஆரம்பித்தன. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். முதலில் பக்கத்து வீட்டு அக்கா. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று தெரிந்தும், நீட்டி நீட்டி எண்ணிவிட்டுப் போனவள் அவள். அடுத்து சித்தப்பா. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டுப் புளித்த மோரைச் செடியெல்லாம் தெளித்திருந்தார்.

கடைசியில் என் கண் சித்தியின் மேல் விழுந்தது. அந்த வாரம் எல்லோரும் அவளை ஒரு தினுசாக நடத்தினார்கள். குடம் தூக்காதே என்றார்கள். சித்தப்பா மாதுளம்பழம் வாங்கிவந்து அவளுக்கு மட்டும் உரித்துக் கொடுத்தார். சித்தப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு பை மல்லாட்டையோடு, வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம், வந்து இறங்கினாள். "நாலு வருசம் கழிச்சி இப்பதான் சாமி கண்ணத் தொறந்திருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்ன விஷயம் என்று கேட்டால், "உனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்? போய் செடிக்குத் தண்ணி ஊத்து" என்று விரட்டினாள். எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஒரு விடிகாலை, குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பந்தலடியில் சித்தி களைக்கொத்தால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தாள். செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடி, மேலே சருகைப் பரப்பினாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். விடிந்த பிறகு அத்தை பார்க்கும்படி சித்தி சிரித்துக்கொண்டே எல்லாச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றினாள். என்ன சாமர்த்தியம் என்று வியந்தேன்.

மத்தியானம் அத்தை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது போட்டு உடைத்துவிட்டேன். "அத்தே, சித்தி பொடலைக்கு அடியில என்னமோ பொதச்சி வெச்சிருக்காங்க. அதான் பிஞ்சு நிக்க மாட்டேங்குது."

செய்வினை என்றே அத்தை நினைத்திருக்க வேண்டும். புடவையை வாரிச் செருகிக்கொண்டு ஓடினாள். இடத்தைக் காட்டியது நான். இரண்டு கொத்துதான் கொத்தினாள், கை நின்றுவிட்டது. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அவசரமாக மண்ணைத் தள்ளி மூடினாள். நிமிர்ந்தபோது சித்தி பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்றாள் அத்தை.

"நேத்துலேருந்து அண்ணி. நீங்க ஊருக்குப் போனப்புறம் சொல்லலாம்னு..."

"அதுக்குன்னு இந்த நாள்ல செடிய தொட்டுக்கினு இருப்பியா? காய் எப்பிடிடி நிக்கும்?"

அத்தை சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

நாள் தள்ளிப் போனதை வைத்து வீடே ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தது என்பதும், அந்தப் பொட்டலத்திலிருந்த தீட்டுத் துணி பிள்ளை இல்லை என்று சொன்னதும், நான் பெரியவளான பிறகுதான் எனக்கு விளங்கின. எல்லோருடைய சந்தோஷத்தையும் இன்னும் ஓரிரு நாளாவது காப்பாற்றப் பார்த்திருக்கிறாள் சித்தி. அதை நான் தோண்டிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பிஞ்சு உதிர்ந்ததற்கு வெயிலைத் தவிர வேறு காரணமும் இல்லை.

அன்றைக்கோ எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சித்தி அழுதாள். திருடனைப் பிடித்த போலீஸ்காரரின் பெருந்தன்மையோடு அவள் பக்கத்தில் போனேன். "அழுவாதீங்க சித்தி. நீங்க தெரியாமதான செஞ்சீங்க? வேற பிஞ்சு வெக்கும்" என்றேன். அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். என் தோள் நனைந்தது. ஒரு புடலங்காய்க்காக யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை.