பந்தயத் தடத்தில் நான்கு எலுமிச்சம்பழம்

பழைய கார் பந்தயத் தடத்தை நிர்வகிப்பவரே, நீங்கள் பொய்க் காரணம் சொல்லி என் கணவரை விரட்டினீர்கள். சுற்றிப் பார்க்க வருபவர்கள் சொந்தக் காரில் ஒரு சுற்று ஓட்டலாம் என்றீர்கள். காலமெல்லாம் லாரி ஓட்டியவர், அந்த ஒரு சுற்றுக்காகவே எடப்பாடியிலிருந்து வந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி, கிளம்பும்முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“தடம் வழுக்கும், வெளியே போங்க!” என்று கத்தினீர்கள்.

“ஏனுங்க, நாலு பழத்துக்கே வழுக்கும்னா, மழை பேஞ்சா என்னங்க பண்ணுவீங்க?” என்றார் அவர்.

நீங்கள் வாசலைக் காட்டினீர்கள். வெளியேறும்போது உங்கள் அலுவலகச் சுவரில் ஆயுத பூஜைப் படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தில், அதே தடத்தில் பூசணிக்காய் உடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அடுத்த மாதமும் வருவோம், பழத்தோடுதான் வருவோம். உங்கள் பூசணிக்காய் மட்டும் வழுக்காதா? டிக்கெட் வாங்க நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.