லேசா ஒரு ஸ்டேண்டு குடுங்க

டெலஸ்கோப் கடைக்கு ஸ்டேண்டு வாங்க என்று யாரும் வருவதில்லை. ஆனால் திரும்பி வந்து குறை சொல்கிறவர்கள் எல்லோரும் ஸ்டேண்டைப் பற்றித்தான் சொல்கிறார்கள். மெத்தைக் கடையில் கட்டில் விற்கிறவர்களுக்கும், ஃபேன் கடையில் கொக்கி எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். தாங்குகிற பொருளுக்கு மரியாதை கிடையாது. அது ஆடினால்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. முன்பக்கம் கேமராவும் கல்யாண ஆல்பமும். அது என் வீட்டுக்காரர் பொறுப்பு. பின்பக்கம் டெலஸ்கோப், பைனாகுலர், அவற்றைத் தாங்குகிற மூணுகால் ஸ்டேண்டான டிரைபாட். அது என் பொறுப்பு. அதற்கு முன்னால் பத்து வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தையல் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. கம்பெனிகள் லீவு விடுகிற தீபாவளி, பொங்கல், கோடை நாட்களில்தான் எனக்கு வியாபாரம். ஊட்டி, வால்பாறை, வசதி இருந்தால் லடாக். எங்கே போகிறவரானாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: லேசாக இருக்க வேண்டும்.

விரலில் தேய்த்துப் பார்த்தவர்

குன்னத்தூர்ப் பக்கம் தோட்டமும், இங்கே நாற்பது மிஷின் ஓடுகிற பனியன் யூனிட்டும் வைத்திருக்கிற ஒருவர் மூணாறு போகிற அவசரத்தில் வந்தார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுகிற ஆள். டிரைபாட் காலையும் அப்படியே தேய்த்துப் பார்த்தார். இருந்த ஸ்டேண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே லேசானதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காரில் ஏழு பேர், பெட்டி வைக்கவே இடமில்லை, இதுதான் வேண்டும் என்றார்.

நான் வாக்குவாதம் செய்வதில்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், அந்த ஸ்டேண்டிலேயே டெலஸ்கோப்பை மாட்டி, தூரத்தில் தெரிகிற மொபைல் டவருக்குத் திருப்பினேன். குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு, பார்த்துக்கொண்டே எண்ணச் சொன்னேன். ஏழு எண்ணும்வரை டவர் ஆடிக்கொண்டே இருந்தது. உயரத்துக்காகத் தூக்கியிருந்த நடுத்தண்டைக் கீழே இறக்கி, அடியில் இருக்கிற கொக்கியில் அவருடைய பையையே தொங்கவிட்டேன். நாலு எண்ணினார். அடுத்து, முக்கால் கிலோ கூடுதலான ஸ்டேண்டில் மாட்டினேன். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் டவர் நின்றுவிட்டது. அவரே லேசானதை மடக்கி ஓரமாக வைத்தார். பிறகு இரண்டாவதை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"துணி லேசாவும் வேணும், சாயமும் போகக்கூடாது, கிழியவும் கூடாதுன்னு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுப் பையர் கேக்கறப்பெல்லாம் அந்தாளு வெவரமில்லாதவன்னு நெனைப்பனுங்க. இன்னிக்கு நானுந்தான் அப்படிக் கேட்டிருக்கறன்."

குனிய முடியாதவர்

தாராபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். இரண்டு பேரும் முதல்முறையாக இமயமலைப் பக்கம் போகிறார்கள். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்திருந்தார். மடக்கினால் முழ நீளம்கூட வராத ஒரு குட்டி ஸ்டேண்டைக் கேட்டார். தோள்பைக்குள் போய்விடும், பெட்டியே தேவையில்லை என்பது அவர் கணக்கு. பேச்செல்லாம் அவர்தான். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டி ஸ்டேண்டில் ஒரு சங்கடம் உண்டு. டெலஸ்கோப் வானத்தைப் பார்த்து நிமிர நிமிர, கண் வைக்கிற முனை கீழே இறங்கிக்கொண்டே போகும். தலைக்கு நேர் மேலே இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஏறக்குறைய தரையில் மண்டி போட வேண்டும். அவர் போட்டார்; பார்த்தார்; அருமை என்றார். அடுத்து அந்த அம்மாவை நான் கூப்பிட்டேன். எழுந்து வந்தார். பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். பரவாயில்லை, எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். கணவர் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். எடை, நீளம், விலை எல்லாம் இருந்தது. மனைவியின் முழங்கால் இல்லை. அவருக்கும் அது அந்த நிமிஷம்தான் உறைத்திருக்க வேண்டும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், மறுபடி எடுக்கவேயில்லை.

நெஞ்சு உயரத்துக்கு நீள்கிற ஒரு ஸ்டேண்டும், மடக்கு ஸ்டூல் ஒன்றும் எடுத்து வைத்தேன். ஒன்றரைக் கிலோ கூடுதல். பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும் என்றேன். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகை வளைக்காமல் பார்த்தார். எதிர்வீட்டு வேப்பமரத்தின் உச்சிக்கிளைதான் தெரிந்தது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். கணவர் தயங்கித் தயங்கி, பெட்டியை நானே தூக்கிக்கிறேன் என்றார். அந்த அம்மா கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்:

"முப்பது வருசமா எங்க போனாலும் இவரு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுவாருங்க. இந்தத் தடவ நானே பாத்துக்கறனே."

துணி ரோலுக்குள்ளே

மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர் மனோஜ். ஜார்க்கண்ட்காரர். ஆறேழு வருஷம் இங்கே இருந்ததில் தமிழ் நன்றாகவே பேசுவார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மகளுக்கு ஒரு சின்ன டெலஸ்கோப் கொண்டுபோக வேண்டும் என்றார். ரயிலில் எடைக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்; இடம்தான் கிடைக்காது. இரண்டு ராத்திரி பயணம், ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. மேலே ஆள் உட்கார்ந்தாலும் உடையாத ஸ்டேண்டு இருக்கிறதா என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இல்லை என்று உண்மையைச் சொன்னேன். எந்தக் காலும் பக்கவாட்டில் மிதித்தால் வளைந்துவிடும். அவர் யோசித்துக்கொண்டே போனார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோளில் ஒரு நீளமான அட்டைக் குழாயோடு வந்தார். பின்னலாடைத் துணியை ரோலாகச் சுற்றும்போது நடுவில் வைப்பார்களே, அந்தக் குழாய். டன் கணக்கில் துணி அடுக்கினாலும் நசுங்காது. கடையில் இருந்த ஸ்டேண்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டுப் பார்த்தோம். மூன்றாவது, அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே போனது. மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்புகிற எளிய மவுண்டை, அதாவது டெலஸ்கோப்பைப் பிடித்துக்கொள்கிற தலைப்பாகத்தைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே கொடுத்தேன். குழந்தை கையாள்வதற்கும் அதுதான் சுலபம்.

ஊரிலிருந்து திரும்பியவர் ஒரு நாள் வந்தார். குழாயின் மேல் ஊர் வரை ஒருவர் உட்கார்ந்தே வந்தாராம், ஸ்டேண்டுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். முன்பெல்லாம் வீடியோ காலில் கூப்பிட்டால் மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுவாளாம். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தது, முகமே பழகவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவளே கூப்பிடுகிறாளாம், போனை டெலஸ்கோப் முனையில் ஒட்டி வைத்துப் பிடித்துக்கொள்கிறாளாம்.

"நிலா இருக்கிற நாள் எல்லாம் நான் இங்க சாப்பிடுறப்ப, அவ அங்கயிருந்து எனக்கு நிலா காட்டுறா அக்கா."

இரும்பு எங்கே?

இது என் தப்பு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

காதர் பாய் துணி வியாபாரி. எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. குடும்பத்தோடு ராஜஸ்தான் பாலைவனம் பார்க்கப் போகிறார், நட்சத்திரங்களைப் படம் பிடிக்க வேண்டும் என்றார். வானம் திரும்புகிற திசையிலேயே மெல்லத் திரும்புகிற மவுண்ட் ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. ஒரு பக்கம் டெலஸ்கோப் தொங்கினால், மறுபக்கம் சமன் செய்ய ஒரு இரும்புக் குண்டைக் கம்பியில் மாட்ட வேண்டும். அந்த மவுண்டின் மேல் எனக்கே ஒரு ஆசை. ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லி விற்றேன். விமானத்தில் அந்தக் குண்டைக் கையில் கொண்டுபோகும் பையில் வைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

சோதனையில் நிறுத்திவிட்டார்கள். கம்பியும் குண்டும் சேர்ந்து எதைப்போல இருந்ததோ தெரியாது. விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஏறியிருக்கிறார். ராஜஸ்தான் போய்ச் சேர்ந்து எனக்கு போன் செய்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கிடைக்கிற ஒரு கம்பியை மாட்டி, தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பி நன்றாகக் கட்டுங்கள், கூட்டிக் குறைத்துச் சமன் பாருங்கள் என்றேன். 

திரும்பி வந்தவரிடம் மவுண்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பாட்டில் வேலை செய்ததாம், படங்களைக் காட்டினார். நன்றாகவே இருந்தன. கிளம்பும்போது, கதவுப் பக்கம் நின்று ஒன்று கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"ஏனுங்கம்மா, ஊர் ஊராப் போறவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்களே, நீங்க இதத் தூக்கீட்டு எங்கெங்க போயிருக்கீங்க?"

தரங்கம்பாடி மணல்

எங்கேயும் போனதில்லை. அதுதான் பதில். பனியன் கம்பெனி, கல்யாணம், கடை. என் டெலஸ்கோப் அறிவெல்லாம் மொட்டை மாடியோடு சரி. பாய் கேட்டதையும், ஒரு தடவையாவது போக வேண்டும் என்பதையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முகூர்த்த மாதம், வீட்டுக்காரருக்குக் கேமராவை விட்டு நகர முடியாது. நீ மட்டும் போய்ட்டு வா என்றார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். டிக்கெட்டே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எனக்கென்று ஒரு ஸ்டேண்டு தேர்ந்தெடுக்க இரண்டு நாள் ஆனது. மற்றவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறவள், எனக்கென்று வந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தேன். கடைசியில் எல்லாம் சேர்ந்து அஞ்சு கிலோவுக்குள் அடங்கியது. மயிலாடுதுறை வரை ரயில், அப்புறம் தரங்கம்பாடிக்கு பஸ். தனியாகப் போன முதல் பயணம். பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கடற்கரையில் ஸ்டேண்டை விரித்தேன். பாதி நிலா உச்சியில் இருந்தது. காற்று அடித்தது. அதற்கு என்னிடம் வழி இருந்தது: கால்களைக் குட்டையாக்கி, பையைக் கீழே தொங்கவிட்டேன். மணலுக்குத்தான் வழி இல்லை. நிலாவைப் பிடித்த நிமிஷம் ஒரு கால் புதையும், நிலா ஓடிவிடும். மூன்று முறை சரிசெய்தேன். நாலாவது முறை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

கொஞ்சம் தள்ளிச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார்.  குப்பையில் கிடந்த கொட்டாங்கச்சி மூன்றைப் பொறுக்கி வந்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் கவிழ்த்து வைத்து மிதித்து அழுத்தினார். ஸ்டேண்டு நின்றது. முதலில் அவரையே பார்க்கச் சொன்னேன். மணலில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை வைத்தார். நிலா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து மறைகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்தார். மறுபடி பிடித்துக் கொடுத்தேன், மறுபடியும் மறைந்தது. அவர் வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போய் அன்று மூன்றாவது நாளாம்.

"அவுக கடலுக்குப் போயிருக்கிற நாள்ல இந்த நிலா எடத்த விட்டு அசையவே மாட்டேங்குது தங்கச்சி. இதுக்குள்ள பாத்தா இந்த ஓட்டம் ஓடுதே."

இப்போதெல்லாம் லேசாக ஒன்று வேண்டும் என்று கேட்டால், எந்தத் தரையில் வைக்கப் போகிறீர்கள், கூட யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பதால், கடையில் விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கிறது, நான் மன்னிப்புக் கேட்பது நிறையவே குறைந்திருக்கிறது.